வடிவம் சுமக்கும் பாரம்: கட்டடத்துக்குள் இருக்கும் கணக்கு

5 செ.மீ. தடிமனும் 20 செ.மீ. அகலமும் உள்ள ஒரு நீளப் பலகையை இரண்டு தாங்கிகளின் மேல் படுக்கைவசமாக வைத்து, நடுவில் ஓர் ஆள் ஏறி நின்றால் பலகை நன்றாகவே தொய்யும். அதே பலகையைக் குத்துவசமாக நிறுத்தி, சாயாமல் பிடித்துக்கொண்டு, அதே ஆள் ஏறினால் தொய்வு கண்ணுக்குத் தெரியாது. மரமும் எடையும் தாங்கிகளின் இடைவெளியும் மாறவில்லை. ஆனால் பலகையின் விறைப்பு 16 மடங்கு கூடிவிட்டது. கூடுதலாக ஒரு சிராய் மரம்கூடச் சேர்க்காமல், திருப்பி வைத்ததால் மட்டுமே வந்த பலன் இது.

கட்டட வடிவமைப்பில் வடிவியல் செய்யும் வேலை பெரும்பாலும் இந்த வகைதான். பொருளைக் கூட்டாமல் வலிமையைக் கூட்டுவது வடிவம். எந்த வடிவம் எவ்வளவு கூட்டும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவது கணக்கு. பித்தாகரஸ் தேற்றம், முக்கோணம், பரப்பளவு, கொஞ்சம் டேன்ஜென்ட் என்று பள்ளியில் படித்தது நினைவிருந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

தரையில் போடும் முதல் கணக்கு

வரைபடம் காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறங்கும் நாளில் முதலில் தேவைப்படுவது செங்கோணம். அஸ்திவாரத்துக்கு முளை அடித்து நூல் கட்டும்போது மூலைமட்டம் பிடிப்பது என்கிறார்களே, அதுதான். கையில் டேப்பும் நூலும் இருந்தால் போதும். முதல் மூலையில் ஒரு முளை அடியுங்கள். முன்பக்க நூலின் மேல் அங்கிருந்து 4 மீட்டரில் இரண்டாவது முளை. முதல் முளையிலிருந்து 3 மீட்டரும் இரண்டாவது முளையிலிருந்து 5 மீட்டரும் எந்தப் புள்ளியில் சந்திக்கின்றனவோ, அங்கே மூன்றாவது முளை. 9-ம் 16-ம் சேர்ந்தால் 25 என்பதால் முதல் முளையில் உருவாகும் கோணம் சரியாக 90 பாகை.

இடம் இருந்தால் 3-4-5-ஐ விட 6-8-10 நல்லது. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். 5 மீட்டர் அளக்கும்போது டேப்பில் 5 மி.மீ. பிசகினால், 12 மீட்டர் நீளச் சுவரின் கடைசியில் அது 25 மி.மீ. விலகலாக வந்து நிற்கும். 10 மீட்டர் அளக்கும்போது அதே 5 மி.மீ. பிசகினால் விலகல் பாதியாகக் குறையும். முக்கோணம் பெரிதாக ஆக, கையின் பிழை சிறிதாகும்.

நான்கு மூலையும் அடித்து முடித்ததும் மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 9 மீட்டருக்கு 12 மீட்டர் என்ற மனையில் இரண்டு மூலைவிட்டமும் 15 மீட்டர் வர வேண்டும். மூலையில் ஒரே ஒரு பாகை தவறியிருந்தால்கூட ஒன்று 15.12 மீட்டரும் மற்றது 14.87 மீட்டரும் காட்டும். மூலையைப் பார்த்துக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத பிழை, மூலைவிட்டத்தில் 25 செ.மீ. வித்தியாசமாகப் பெருகி வெளியே தெரிந்துவிடுகிறது. கட்டுமானத்தில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு நேர்மையான சோதனை வேறு இல்லை. ஆனால் மூலைவிட்டம் இரண்டும் சமமாக வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. முன்பக்கம் 9 மீட்டரும் பின்பக்கம் 8.9 மீட்டருமாக இரண்டு புறமும் ஒரே அளவு ஒடுங்கிய சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமாகத்தான் இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்று இரண்டும் சேர்ந்தால்தான் அது செவ்வகம்.

சரிவான மனையில் இன்னொரு தவறு நடக்கும். டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டு அளந்தால் கிடைப்பது சாய்வு நீளம், வரைபடத்தில் இருப்பதோ கிடைநீளம். 12 மீட்டரில் 1 மீட்டர் இறங்கும் தரையில் அப்படி அளந்தால் உண்மையான கிடைநீளம் 11.96 மீட்டர்தான், 4 செ.மீ. குறைவு. டேப்பை மட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சிறு சிறு துண்டுகளாக அளந்து இறங்குவதே வழி. இந்த நாளில் விட்ட பிழை மறைந்து போகாது. தரை ஓடு பதிக்கும்போது ஒரு சுவரோரம் முழு ஓடாகவும் எதிர் முனையில் கீற்றாகவும் வெட்ட வேண்டி வரும்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

அசையாத ஒரே உருவம்

நான்கு பட்டைகளை முனைகளில் ஆணியால் இணைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு பக்கமாகத் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரியும். எந்தப் பட்டையும் உடையவில்லை, நீளவும் இல்லை; கோணங்கள் மட்டும் மாறின. மூன்று பட்டைகளை இணைத்தால் அந்த விளையாட்டு நடக்காது. மூன்று பக்க நீளமும் முடிவாகிவிட்டால் கோணங்களும் முடிவாகிவிடும். கூரைச் சட்டம், பாலம், மின்கோபுரம், கிரேன் கை எல்லாவற்றிலும் முக்கோணமாகவே தெரிவது இதனால்தான்.

எத்தனை பட்டை தேவை என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரே தளத்தில் அமையும் சட்டத்தில், மூட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் வருவது குறைந்தபட்சப் பட்டைகள். 3 மூட்டுக்கு 3, 4 மூட்டுக்கு 5, 6 மூட்டுக்கு 9. ஒன்று குறைந்தாலும் சட்டம் ஆடும். ஆனால் எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. ஒரு சதுரக் கட்டத்துக்குள் இரண்டு குறுக்குப் பட்டைகளைப் போட்டுவிட்டு, அடுத்த கட்டத்தை வெறுமனே விட்டால் கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும், சட்டம் அந்த வெற்றுக் கட்டத்தில் மடங்கும். இன்னொன்று: பாரம் மூட்டுகளின் மேல் இறங்க வேண்டும். கூரையின் குறுக்குச் சட்டம் இரண்டு மூட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தால், இழுபடவோ அமுங்கவோ மட்டும் வடிவமைத்த பட்டை வளையத் தொடங்கும். மெல்லிய பட்டைக்கு வளைவைத் தாங்கும் திறன் மிகக் குறைவு.

சாரத்தில் குறுக்கே சாய்த்துக் கட்டிய கம்பு நடைபாதையை மறிக்கிறது என்று அவிழ்த்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. அந்த ஒரு கம்பு போனதும் சாரம் மேலே சொன்ன நான்கு பட்டைச் சதுரமாகிவிடுகிறது. இதே கதை பெரிய அளவில் அடுக்குமாடிகளிலும் உண்டு. மேல் மாடிகளில் தூண்களுக்கு இடையே செங்கல் சுவர் நிரம்பியிருக்கும். அந்தச் சுவர் குறுக்குப் பட்டையின் வேலையைச் செய்துவிடும். வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தை மட்டும் வெறும் தூண்களாக விட்டால், நிலநடுக்கத்தில் அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்தில் குவியும். மேலே உள்ள மாடிகள் அப்படியே இருக்க, தரைத்தளம் மட்டும் சாய்ந்து நசுங்குவது இப்படித்தான். தரைத்தளத்தில் சில இடங்களில் கான்கிரீட் சுவரோ எஃகுக் குறுக்குச் சட்டமோ வைப்பதே தீர்வு.

பீமின் ஆழம்

பலகைக்குத் திரும்புவோம். வளையும்போது ஒரு பீமின் மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது, நடுவில் உள்ள இழை கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பொருள் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வேலை செய்யும். செவ்வக வெட்டுமுகத்துக்கு விறைப்பின் அளவு, அகலம் பெருக்கல் ஆழத்தின் மூன்றாம் அடுக்கு, அதை வகுத்தல் 12. உடையாமல் தாங்கும் வலிமையோ ஆழத்தின் இரண்டாம் அடுக்கைப் பொறுத்தது. படுக்கைவசப் பலகையில் ஆழம் 5, அகலம் 20. நிமிர்த்தினால் ஆழம் 20, அகலம் 5. ஆழம் 4 மடங்கு ஏற, அகலம் 4-ல் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே விறைப்பு 64-ஐ 4-ஆல் வகுத்து 16 மடங்கு, வலிமை 16-ஐ 4-ஆல் வகுத்து 4 மடங்கு. எஃகு பீம்கள் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் வருவதன் காரணமும் இதுவே: வேலை செய்யாத நடுப்பகுதியை ஒல்லியாக்கி, பொருளை மேலும் கீழும் ஒதுக்கிவிட்டார்கள்.

இடைவெளியின் கணக்கு இதற்கு நேர் எதிராக மிரட்டும். சீரான பாரம் உள்ள பீமில் வளைக்கும் விசை நீளத்தின் இரண்டாம் அடுக்கில் ஏறும், தொய்வோ நான்காம் அடுக்கில் ஏறும். ‘ஹாலை இன்னும் ஒரு மீட்டர் பெரிதாக்கினால் என்ன?’ என்பது சாதாரணக் கேள்வியாகத் தோன்றும். 4 மீட்டர் 5 மீட்டரானால் வளைக்கும் விசை 1.56 மடங்கு, தொய்வு 2.44 மடங்கு. அதனால்தான் வடிவமைப்பாளர் முதலில் இடைவெளியைக் கேட்கிறார், பிறகுதான் மற்றதெல்லாம். இந்திய கான்கிரீட் விதிநூலில் தொய்வைக் கட்டுப்படுத்த ஓர் எளிய விகிதம் உண்டு. இடைவெளியைக் கம்பி வரை உள்ள ஆழத்தால் வகுத்தால், இருமுனையும் வெறுமனே உட்காரும் பீமுக்கு 20, பல தாங்கிகளின் மேல் தொடர்ந்து செல்லும் பீமுக்கு 26, ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே நீளும் பீமுக்கு 7. கம்பியின் அளவைப் பொறுத்து இந்த எண்களைத் திருத்த வேண்டும், இவை தொடக்கப்புள்ளிதான். ஆனாலும் 20-க்கும் 7-க்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பால்கனி எவ்வளவு கவனம் கேட்கிறது என்பதை அந்த இரண்டு எண்களே சொல்கின்றன.

பால்கனியில் இழுவிசை மேல்பக்கம் வரும், எனவே முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். 120 மி.மீ. தடிமனுள்ள தளத்தில் கீழ்ப்பரப்பிலிருந்து கம்பியின் மையம் வரை 95 மி.மீ. என்று வரைபடம் சொல்கிறது. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பியின் மேல் நடந்து அது 40 மி.மீ. தாழ்ந்துவிட்டால் மிஞ்சும் ஆழம் 55 மி.மீ. கம்பியும் கான்கிரீட்டும் குறையாமல் இருக்க, தாங்கும் திறனில் 40 சதவீதத்துக்கு மேல் காணாமல் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மேல் கம்பியைத் தாங்க நாற்காலிக் கம்பிகளை நெருக்கமாக வைப்பதும், நடப்பதற்குத் தனிப் பலகை போடுவதும் இந்த 40 மில்லிமீட்டருக்காகத்தான்.

தலைகீழ்ச் சங்கிலி

கல்லுக்கும் செங்கல்லுக்கும் அமுக்கம் ஒரு பொருட்டே இல்லை. இழுத்தால்தான் உடனே பிளக்கும். ஆகவே கல்லால் ஓர் இடைவெளியைக் கடக்க வேண்டுமானால் இழுவிசையே வராத ஒரு வடிவம் வேண்டும். அந்த வடிவம் எது என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் கண்டுகொண்டார். 1675-ல் விடையை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். 1703-ல் அவர் இறந்த பிறகே அது விளங்கியது. சங்கிலி எப்படித் தொங்குகிறதோ, அப்படியே தலைகீழாகத் திருப்பினால் கல் வளைவு நிற்கும் என்பதே அதன் பொருள்.

இதன் காரணம் எளியது. சங்கிலியால் இழுவிசையை மட்டுமே தாங்க முடியும், வளைவைத் தாங்காது. எனவே தொங்கும்போது இழுவிசை மட்டுமே இருக்கும் வடிவத்தைத் தானாகத் தேடிக்கொள்கிறது. அதை அப்படியே கவிழ்த்தால் எல்லா இழுவிசையும் அதே அளவு அமுக்கமாக மாறும். தன் எடை மட்டும் சுமக்கும் சங்கிலி ஒரு வகை வளைகோடு தரும். கிடையாகச் சீரான பாரம் தொங்கவிட்டால் பரவளையம் வரும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 192 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட நுழைவு வளைவு, மேலே ஒல்லியாகவும் கீழே தடிமனாகவும் இருப்பதால் எடை சீராக இல்லாத சங்கிலியின் வடிவத்தில் இருக்கிறது. ஸ்பெயினில் கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடி, ஒரு தேவாலயத்துக்காகக் கயிறுகளில் ஈயக்குண்டுப் பைகளைத் தொங்கவிட்டு, முழு வடிவத்தையும் தலைகீழாக உருவாக்கிப் பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் புவியீர்ப்பே அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது.

வளைவுக்கு ஒரு விலை உண்டு. அதன் பாதங்கள் வெளிப்பக்கமாகத் தள்ளும். சீரான பாரம் உள்ள வளைவில் அந்தத் தள்ளுவிசை, மீட்டருக்கான பாரம் பெருக்கல் இடைவெளியின் வர்க்கம், வகுத்தல் எட்டு மடங்கு எழுச்சி (பாதங்களிலிருந்து உச்சி வரை உள்ள உயரம்). இடைவெளி 6 மீட்டர், பாரம் மீட்டருக்கு 1 டன் என்று வையுங்கள். எழுச்சி 3 மீட்டரானால் தள்ளுவிசை 1.5 டன். 1.5 மீட்டரானால் 3 டன். 75 செ.மீ. என்று தட்டையாக்கினால் 6 டன். பார்வைக்குத் தட்டையான வளைவு அழகாக இருக்கிறது என்று எழுச்சியைக் குறைப்பவர்கள், பக்கத்துச் சுவரைத் தடிமனாக்கவோ இரு பாதங்களையும் இரும்புக் கம்பியால் கட்டவோ தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் மெல்ல வெளியே சாயும், பாதங்கள் விலகும், நடுவில் அடிப்பக்கமாக விரிசல் வாய் திறக்கும்.

அரைவட்டம் அழகானது, ஆனால் அது சங்கிலி வடிவம் அல்ல. ஆகவே அரைவட்டக் கல் வளைவு தன் எடையில் நிற்க வேண்டுமானால், சங்கிலிக் கோடு அதன் தடிமனுக்குள் அடங்கும் அளவுக்காவது தடிமன் வேண்டும். ஆரத்தில் ஏறத்தாழ 11 சதவீதம் என்பது அந்த எல்லை. 3 மீட்டர் ஆரத்துக்கு 32 செ.மீ. அளவு. அதற்குக் கீழே போனால் கல் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பயனில்லை, வளைவு விழும். உடைவது கல் அல்ல, வடிவம்.

வளைவைச் சுழற்றினால் குவிமாடம். இங்கே கிடைவட்ட வளையங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. சீரான தடிமனுள்ள அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகை வரை அந்த வளையங்கள் அமுக்கத்தில் இருக்கும். அதற்குக் கீழே இழுவிசை. கல் குவிமாடங்கள் அடியிலிருந்து மேல்நோக்கி, ஆரஞ்சுச் சுளைகளைப் போல, நெடுக்காகப் பிளப்பது இதனால்தான். ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் அப்படி விரிசல் கண்டபோது, 1740-களில் ஜியோவானி போலேனி என்ற கணித அறிஞர் ஹூக்கின் வழியையே கையாண்டார். குவிமாடத்தைச் சுளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் எடைக்கேற்ற எடைகளைச் சங்கிலியில் தொங்கவிட்டுப் பார்த்தார். சங்கிலிக் கோடு குவிமாடத்தின் தடிமனுக்குள் விழுந்தது. விரிசல் இருந்தாலும் விழாது என்றார். கீழே இழுபடும் இடத்தில் கூடுதல் இரும்பு வளையங்கள் போடச் சொன்னார். வளையங்கள் போடப்பட்டன, குவிமாடம் நிற்கிறது.

ரோமிலேயே உள்ள பாந்தியன் இந்தக் குவிமாடத்தைவிட 14 நூற்றாண்டுகளுக்கும் மேல் பழையது. அதன் உள்விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் அதே 43.3 மீட்டர். ஒரு முழுக்கோளம் உள்ளே உட்காரும். அடியில் 6 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் உச்சியில் 1.2 மீட்டராக மெலிகிறது. மேலே போகப்போக நுரைக்கல் கலந்த இலேசான கலவை. கம்பி இல்லாத கான்கிரீட்டில் இழுவிசையைச் சமாளிக்க, எடையையே வடிவமைத்திருக்கிறார்கள்.

இதற்கு மாறாக, 537-ல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) தேவாலயமாகக் கட்டி முடிந்த ஹாகியா சோபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவர்கள் அந்தெமியஸ், இசிடோர் என்ற இருவர். இருவருமே வடிவியல் வல்லுநர்கள். சதுரமான அறையின் மேல் வட்டமான குவிமாடத்தை உட்கார வைக்க, நான்கு மூலைகளிலும் கோளத்தின் முக்கோணத் துண்டுகளைப் பொருத்தினார்கள். சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள அந்தக் குவிமாடம் தட்டையாக இருந்தது. நிலநடுக்கங்களால் தளர்ந்து 558-ல் விழுந்தது. திரும்பக் கட்டிய இளைய இசிடோர் குவிமாடத்தைச் சுமார் 6 மீட்டர் உயர்த்தினார். எழுச்சி கூடினால் தள்ளுவிசை குறையும் என்ற மேலே சொன்ன கணக்குதான். பிற்காலத்தில் பகுதி பகுதியாக இடிந்து பழுதுபார்க்கப்பட்டாலும் அந்த உயர்ந்த வடிவம்தான் இன்றும் அங்கே இருக்கிறது.

நேர்கோட்டால் செய்த வளைவு

வடிவம் நிற்பது ஒரு பாதி, அதைக் கட்ட முடிவது மறு பாதி. வளைந்த கான்கிரீட்டுக்கு வளைந்த சென்டரிங் வேண்டும். அதுதான் ஆளையும் நாளையும் தின்னும். இங்கேயும் வடிவியல் கைகொடுக்கிறது. சில வளைபரப்புகளை நேர்கோடுகளை மட்டும் வைத்தே உருவாக்கலாம். இரண்டு வட்ட வளையங்களை நேர்க்குச்சிகளால் இணைத்து, மேல் வளையத்தைக் கொஞ்சம் திருகினால் இடுப்பு ஒடுங்கிய வடிவம் வரும். எல்லாக் குச்சியும் நேர்தான், பரப்பு மட்டும் வளைவு. ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ் 1896-ல் இந்த முறையில் நேரான எஃகுப் பட்டைகளைக் கொண்டே ஒரு தண்ணீர்க் கோபுரம் கட்டினார். அனல்மின் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களும் இந்த வடிவம்தான். மெக்சிகோவில் ஃபெலிக்ஸ் காண்டேலா, குதிரைச் சேணம் போன்ற பரப்பை நேரான பலகைச் சென்டரிங்கில் வார்த்து, 1958-ல் 4 செ.மீ. தடிமனே உள்ள கான்கிரீட் கூரையைச் சோச்சிமில்கோவில் நிறுத்தினார்.

சிட்னி ஆப்பரா ஹவுஸில் சிக்கல் வேறு மாதிரி. கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்த, சிப்பியின் ஓடு போன்ற கூரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு தேவைப்பட்டிருக்கும். 1959-ல் வேலை தொடங்கிய பிறகும் கூரைக்கு விடை கிடைக்கவில்லை. 1961-ல் வந்த விடை, எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது. கோளத்தில் எங்கே தொட்டாலும் வளைவு ஒன்றுதான். ஆகவே ஒரே அச்சில் வார்த்த துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. கட்டவே முடியாது என்று நின்ற கட்டடத்தைப் பள்ளி வடிவியலின் ஒரு பண்பு கட்ட வைத்தது.

இந்த இடத்தில் தங்க விகிதத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஏதென்ஸின் பார்த்தினான் அந்த விகிதத்தில் கட்டப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் மேடை ஏறத்தாழ 30.9-க்கு 69.5 மீட்டர், அது 4-க்கு 9 என்ற விகிதம், 1-க்கு 1.618 அல்ல. அழகு குறித்த எந்த மந்திர எண்ணையும்விட, பாரம் எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்ற கேள்விதான் தொடங்குபவருக்கு அதிகம் கற்றுத்தரும்.

பெரிதாக்கினால் என்ன ஆகும்

ஒரு மாதிரியை எல்லாப் பக்கத்திலும் 10 மடங்கு பெரிதாக்கினால் எடை 1000 மடங்கு, தூணின் வெட்டுமுகப் பரப்பு 100 மடங்கு. ஆகவே ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் விழும் அழுத்தம் 10 மடங்கு. 1638-லேயே கலிலியோ இதை விளக்கினார். அட்டை மாதிரி நின்றது என்பதால் கட்டடமும் நிற்கும் என்று சொல்ல முடியாது. கல் வளைவு மட்டும் ஒரு விதிவிலக்கு: சங்கிலிக் கோடு தடிமனுக்குள் விழுகிறதா என்பது வெறும் வடிவக் கேள்வி, அளவு அதில் வருவதில்லை. பழங்காலத்தார் சிறு மாதிரியை நம்பிப் பெரிய கல் கட்டடங்களை எழுப்ப முடிந்தது அதனால்தான்.

உயரம் கூடும்போது எடையைவிடக் காற்றே பெரிய எதிரி. காற்றின் வேகம் மாறாது என்று வைத்துக்கொண்டாலும், உயரம் இரட்டித்தால் கட்டடத்தைக் கவிழ்க்கும் விசை நான்கு மடங்கு. மேலே போகப்போகக் காற்றும் பலப்படுவதால் உண்மையில் அதற்கும் மேல். காற்று கட்டடத்தைத் தாண்டும்போது இருபக்கமும் மாறி மாறிச் சுழல்கள் உருவாகும். சுழலின் தாளமும் கட்டடத்தின் இயல்பான அசைவும் ஒன்றானால் ஆட்டம் பெருகும். சுழலின் தாளம் கட்டடத்தின் அகலத்தைப் பொறுத்தது. துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீபா மூன்று இறக்கைகளோடு, உயரே போகப்போகப் படிப்படியாக ஒடுங்குவதால் ஒவ்வொரு உயரத்திலும் அகலம் வேறு. சுழல்களால் ஒன்றுசேர்ந்து தாளம் போட முடிவதில்லை. தைவானின் தைபே 101 கோபுரத்தில் 660 டன் எடையுள்ள கோளம் ஊசலாகத் தொங்குகிறது. ஊசலின் அலைவு நேரத்தை எடையல்ல, நீளமே தீர்மானிக்கும். 7 விநாடிக்கு ஒருமுறை அசையும் கட்டடத்துக்குச் சுமார் 12 மீட்டர் நீள ஊசல் பொருந்தும்.

வெயிலும் ஓசையும்

நண்பகலில் சூரியனின் உயரக் கோணம், 90-லிருந்து அந்த இடத்தின் அட்சரேகைக்கும் சூரியன் நிற்கும் அட்சரேகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் கிடைக்கும். வடக்கு 35 பாகையில் ஜூன் கடைசியில் 78.5, டிசம்பர் கடைசியில் 31.5. தெற்கு ஜன்னலுக்கு மேல் அரை மீட்டர் நீளும் சன்ஷேட் நண்பகலில் எவ்வளவு நிழல் தரும்? நீட்டத்தை அந்தக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்குங்கள். கோடையில் 2.46 மீட்டர், ஜன்னல் முழுவதும் நிழல். குளிர்காலத்தில் 31 செ.மீ., வெயில் தாராளமாக உள்ளே வரும். மேற்கு ஜன்னலுக்கு இதே சன்ஷேட் பயன்படாது. மாலைச் சூரியன் 15 பாகைக்கு இறங்கும்போது அரை மீட்டர் நீட்டம் வெறும் 13 செ.மீ. நிழல்தான் தரும். அங்கே வேண்டியது செங்குத்துத் தடுப்பு.

ஓசைக்கான சூத்திரத்தை ஹார்வர்டில் வாலஸ் சபீன் தந்தார். எதிரொலி அடங்கும் நேரம், 0.161 பெருக்கல் அறையின் கன அளவு, வகுத்தல் பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவு. 10-க்கு 8-க்கு 3 மீட்டர் அறையில் எல்லாப் பரப்பும் 5 சதவீதம் மட்டும் உறிஞ்சினால் 2.9 விநாடி, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. கூரையில் மட்டும் 70 சதவீதம் உறிஞ்சும் பலகை பதித்தால் 0.6 விநாடி. வகுப்பறைக்கு அது போதும்.

படிக்கட்டு

17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் சொன்ன விதி இன்றும் நடப்பில் உள்ளது: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி மிதியகலத்தைக் கூட்டினால் 60-லிருந்து 65 செ.மீ.க்குள் வர வேண்டும். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால், 17 செ.மீ. உயரம் என்று தொடங்கி வகுத்தால் 17.6 வரும். படி பின்னமாக இருக்க முடியாது, எனவே 18. ஒவ்வொன்றும் 166.7 மி.மீ. இரண்டு உயரம் 333. விதியின் வரம்புக்குள் 630 மி.மீ. என்று எடுத்து, அதிலிருந்து கழித்தால் மிதி 297 மி.மீ. மேல்தளமே கடைசி மிதியாகிவிடுவதால் மிதிகள் 17. நேராகப் போனால் 5.05 மீட்டர் நீளம் தேவை. இந்த ஒரு மிதிக் கணக்கைத் தவறவிட்டு, 18 மிதிக்கு இடம் ஒதுக்கி வரைபவர்கள் ஏராளம்.

பெரிய தவறு பூச்சில் நடக்கிறது. கான்கிரீட் படிகள் சமமாக 167 மி.மீ. வார்த்தாகிவிட்டது. பிறகு இரண்டு தளத்திலும் 60 மி.மீ. தரைப்பூச்சு, படிகளில் 20 மி.மீ. கல். முதல் படி 167-ஓடு 20 கூட்டி 60 கழித்து 127 மி.மீ. ஆகிவிடும். கடைசிப் படி 167-ஓடு 60 கூட்டி 20 கழித்து 207. நடுவில் உள்ளவை 167. கால் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும், பிறகு கண் பார்ப்பதில்லை. 40 மி.மீ. கூடுதலாக உள்ள கடைசிப் படியில்தான் விரல் இடிக்கும். அமெரிக்க விதிநூலில் ஒரே வரிசைப் படிகளுக்குள் அனுமதிக்கும் வித்தியாசம் 9.5 மி.மீ. மட்டுமே. தீர்வு, உயரத்தை முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்கு அளந்து வகுத்து, அதிலிருந்து பின்னோக்கி, முதல் படியின் கான்கிரீட்டை 40 மி.மீ. உயர்த்தியும் கடைசிப் படியை 40 மி.மீ. குறைத்தும் வார்ப்பது. சென்டரிங் அடிக்கும் நாளில் பார்ப்பதற்கு அது கோணலாகத் தெரியும். கல் பதித்த பிறகு எல்லாப் படியும் 167-ல் வந்து நிற்கும்.